மரவுரி அடித்த கை

பேர் விஷயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வோம், சார். முதலில் சிலையைப் பேசுவோம். உங்கள் ஊர் ஏரிக்கரைப் பூங்காவுக்கு நாற்று நடும் பெண். ஐந்தடி. கறுப்புக் கல். எல்லாம் சரி. வந்ததும் வராததுமாக, "பீடத்துல உங்க பேரைப் பெரிசா போட்டுடலாம் ஸ்தபதி" என்றீர்கள் பாருங்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு மனசு ஆறுவதில்லை.

உட்காருங்கள். அந்த நந்தி மேல் சாயாதீர்கள், ஈரம். இப்போதுதான் தேய்த்துக் கழுவினாள். ஸ்டூலை இழுத்துக்கொள்ளுங்கள். ஏம்மா அஞ்சலை, சாருக்கு ஒரு டீ! இஞ்சி தட்டிப் போடு!

அவள்தான் அஞ்சலை. இந்தப் பட்டறையில் பத்தொன்பது வருஷமாகத் தேய்ப்பு வேலை. உளி வேலை முடிந்த பிறகு கல்லை வழவழப்பாக்குவது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். அவள் பேச்சு அப்புறம் வரும். இது என்னைப் பற்றிய கதை.

நாற்பத்தொரு வருஷமாக நான் உளி பிடிக்கிறேன். இந்த மாமல்லபுரத்தில் வேதகிரி ஸ்தபதி பட்டறை எது என்று எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் கொண்டுவந்து விடுவார். என் கையால் செய்த பிள்ளையார் எத்தனை ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கே தெரியாது. அதில் ஒன்றிலாவது என் பேர் உண்டா? கிடையாது. சாமி சிலையில் செய்தவன் பேரைப் போடும் வழக்கம் இல்லை. போடவும் கூடாது. அம்மன் பாதத்தில் "வேதகிரி" என்று வெட்டி வைத்தால், வருகிறவர்கள் யாரைக் கும்பிடுவார்கள்? நியாயம்தானே. நானும் அதற்காகக் குறைபட்டுக்கொண்டதில்லை. கொஞ்சம்தான்.

அப்படி இருக்கும்போது போன வருஷம் தை மாசம் அந்த ஆர்டர் வந்தது. ஹவாய் தீவு. சுற்றிலும் கடல், நடுவில் எரிமலை. அங்கே ஒரு கோயிலுக்கு நாங்கள் முன்பு தூண் அனுப்பியிருந்தோம். அதைப் பார்த்த ஊர்க்காரர்கள் கேட்டு எழுதினார்கள். அவர்கள் ஊரில் ஒரு நூலகம், அதன் வாசலில் ஒரு சின்னத் தோட்டம், அதில் வைக்க ஒரு பெண் சிலை வேண்டுமாம். சாமி இல்லை. ராணி இல்லை. மரவுரி செய்யும் பெண்.

மரவுரி தெரியுமா? மரப்பட்டையில் செய்யும் துணி. நூல் கிடையாது, தறி கிடையாது. ஒரு வகைச் செடியின் பட்டையை உரித்து, ஊறவைத்து, திம்மை என்கிற தடித்த மரத்துண்டின் மேல் போட்டுக் கட்டையால் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க அது விரியும். நாலு விரல் அகலப் பட்டை ஒரு முழ அகலத்துக்கு வந்துவிடும்; பலதைச் சேர்த்து அடித்தால் போர்வை. அந்தத் தீவில் ஒரு காலத்தில் உடுத்தியது, போர்த்தியது, குழந்தையைச் சுற்றியது எல்லாம் அதுதான். அடித்தது எல்லாம் பெண்கள். அவர்களில் ஒருத்திக்குக்கூட ஊரில் சிலை இல்லை, அதனால் வைக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

இந்தக் கடிதத்தை என் மகள் தமயந்திதான் படித்துச் சொன்னாள். செங்கல்பட்டில் பாங்கு வேலை. இங்கிலீஷ் எல்லாம் அவள் பொறுப்பு. கடைசியில் ஒரு வரி படித்தாள் பாருங்கள்: "சிலையைச் செய்தவர்களின் பேரைப் பக்கத்தில் ஒரு பலகையில் போடுவது எங்கள் வழக்கம். அனுப்பி வையுங்கள்."

"இன்னொரு தடவை படி" என்றேன்.

"ஏம்பா, புரியலையா?"

"புரிஞ்சுது. படி."

நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை, சார். அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டேன். திருக்கழுக்குன்றம் கோ. வேதகிரி ஸ்தபதி. ஊர், இன்ஷியல், பட்டம், ஒன்றும் விடவில்லை. எழுதி, அந்த அலமாரியில் விளக்குக்குக் கீழே வைத்தேன். அப்போது கல்லே வந்து இறங்கவில்லை.

கல் வந்தது. நல்ல கல். தட்டினால் மணி மாதிரி சத்தம். வேலை ஆரம்பித்தேன். பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், முன்னால் திம்மை, இடது கை பட்டையை நகர்த்துகிறது, வலது கையில் கட்டை. முகத்துக்கு மட்டும் பதினாறு நாள் எடுத்துக்கொண்டேன். அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அப்புறம் வலது கை. இங்கேதான் வம்பு.

எங்கள் தொழிலில் கைக்கு இலக்கணம் உண்டு. எதையாவது பிடித்திருக்கும் பெண்ணின் கை என்றால் கடக முத்திரை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெதுவாகச் சேர்ந்து நிற்கும். சுண்டுவிரல் சற்றே எழும்பும். பூ வைத்தாலும் அந்தக் கைதான், கிளி வைத்தாலும் அந்தக் கைதான். என் உளிக்கு அது கண்ணை மூடிக்கொண்டு வரும். கட்டையை வைத்தேன், கடகம் போட்டேன். அவ்வளவு அழகு! படம் எடுத்துத் தமயந்தி அனுப்பினாள்.

நாலு நாளில் பதில். நோஹியா என்று ஒரு அம்மா எழுதியிருந்தார்கள். அந்தத் தீவில் இன்றைக்கும் மரவுரி அடிக்கும் அம்மா. சிலை சரியாக வருகிறதா என்று பார்க்க ஊரார் அவரைத்தான் வைத்திருக்கிறார்கள். "மிக அழகான கை. ஆனால் கட்டையைப் பூ மாதிரி பிடித்திருக்கிறாள். இந்தக் கையால் ஒரு கொசுவைக்கூட அடிக்க முடியாது" என்று எழுதியிருந்தார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? இரண்டு நாள் பட்டறைக்கே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தால், அஞ்சலை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்னம்மா பார்க்கிற?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா. நல்லாத்தான் இருக்கு. கல்யாணத்துல பன்னீர் தெளிக்கிற மாதிரி இருக்கு."

கேட்டீர்களா? தேய்ப்பு வேலைக்காரி.

கல்லில் ஒரு தொல்லை, சார். மண்ணாக இருந்தால் அப்பிக்கொள்ளலாம். கல்லில் எடுக்கத்தான் முடியும், வைக்க முடியாது. நல்ல காலம், விரல் இடுக்குகளை நான் இன்னும் குடையவில்லை. உள்ளே கல் இருந்தது. பூ வேண்டாம், அடிக்க வேண்டும், அவ்வளவுதானே என்று எழும்பிய சுண்டுவிரலை எடுத்தேன், மற்ற விரல்களை மடக்கினேன், கட்டையை இறுக்கிப் பிடிக்க வைத்தேன். கோயில் வாசலில் துவாரபாலகர் கதாயுதத்தைப் பிடித்திருப்பாரே, அந்தப் பிடி. நரம்பு தெறிக்கிற பிடி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் நோஹியா அம்மா நேரிலேயே வந்தார்கள். சென்னையில் ஏதோ துணிக் கண்காட்சி, அப்படியே இங்கேயும் வந்துவிட்டார்கள். அறுபது வயது இருக்கும். நல்ல ஆகிருதி. காதோரம் ஒரு பூ. வணக்கம் சொல்லிவிட்டு நேரே சிலையிடம் போனார்கள். முகத்தைப் பார்த்தார்கள். கண் கலங்கிவிட்டது. அதை நான் பார்த்தேன், தமயந்தியும் பார்த்தாள். அது பலகையில் வரவில்லை, கவனியுங்கள். அப்புறம் கையைப் பார்த்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தமயந்தி சொன்னாள்: "அப்பா, இவங்க யாரை அடிக்கப் போறாங்கன்னு கேக்குறாங்க."

அந்தக் கையில் இன்னும் எடுக்க மிச்சம் இருந்தது ஒரு விரல்கடைக் கல். அதுவும் போனால் கை குழந்தைக் கையாகிவிடும். சிலை வீண். பலகை வீண். அலமாரியில் விளக்குக்குக் கீழே இருக்கும் தாள் வீண்.

நோஹியா அம்மா பையைத் திறந்தார்கள். ஒரு கட்டையை எடுத்தார்கள். முழ நீளம், நாலு பக்கம். ஒரு பக்கம் ஆழமான வரி, அடுத்த பக்கம் அதைவிட மெல்லிசு, இப்படி நாலு பக்கமும் வேறு வேறு. முரட்டுப் பக்கத்தில் ஆரம்பித்து மெல்லிய பக்கத்தில் முடிக்க வேண்டுமாம். ஊறின பட்டை ஒன்றும் கொண்டுவந்திருந்தார்கள். இதோ, இந்த மரத்துண்டைத் திம்மையாக்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து அடித்தார்கள். டொக், டொக், டொக். சமையல்காரர் காய் நறுக்குகிற மாதிரி, நோகாமல். பட்டை அகலமாகிக்கொண்டே போகிறது.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இந்தச் சத்தத்திலேயே பெண்கள் சேதி சொல்லிக்கொள்வார்களாம். தமயந்தி அதைத் தமிழில் சொன்னதும் அஞ்சலை பின்னாலிருந்து, "இங்கயும் அப்படித்தான். ஐயாவுக்குக் கோவம் வந்தா உளி சத்தத்துலயே தெரிஞ்சிடும். நாங்க அந்தப் பக்கம் வர மாட்டோம்" என்றாள். அதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று நான் கண் காட்டினேன். தமயந்தி மொழிபெயர்த்துவிட்டாள். நோஹியா அம்மா திரும்பி அஞ்சலையைப் பார்த்துச் சிரித்து, பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார்கள். கட்டையை அவள் கையில் கொடுத்தார்கள்.

முதல் இரண்டு அடி அஞ்சலை வேகமாகப் போட்டாள். பட்டை ஓரத்தில் கிழிந்தது. "ஐயையோ" என்றாள். நோஹியா அம்மா தலையாட்டி, மறுபடி என்றார்கள். மூன்றாவது அடியில் கையைத் தளர்த்தினாள். கட்டையைத் தூக்கினாள், அதன் கனத்திலேயே விழவிட்டாள். டொக். தூக்கினாள், விழவிட்டாள். டொக். டொக். ஒரு பத்து அடி. நோஹியா அம்மா டக்கென்று அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்கள்.

"இந்தக் கைதான்னு சொல்றாங்கப்பா."

"அவ தேய்ப்பு வேலை" என்றேன்.

"அதையும் சொல்லட்டுமா?" என்றாள் தமயந்தி. அவளுக்குக் குசும்பு, அவள் அம்மாவைப் போல.

அஞ்சலைதான் விளக்கினாள். "இறுக்கிப் பிடிச்சா மத்தியானத்துக்குள்ள கை வீங்கிடும் ஐயா. நாள் முழுக்க செய்யிற வேலையில யாரும் இறுக்கிப் பிடிக்க மாட்டாங்க. தேய்க்கிற எமரிக் கல்லை நான் இறுக்கியா பிடிக்கிறேன்?"

எனக்கு எப்படித் தெரியும், சார்? அவள் எதை எப்படிப் பிடிக்கிறாள் என்று நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

மறுநாள் அஞ்சலையைச் சிலைக்கு எதிரில் உட்கார வைத்தேன். கட்டையைக் கையில் கொடுத்தேன். நாலு நாள். அவள் செய்தது இவ்வளவுதான்: உட்கார்ந்தாள். வேலையில்லாத நாலு நாள், முழுச் சம்பளத்தோடு. நான் காவியில் கோடு போட்டு, மயிரிழை மயிரிழையாக எடுத்தேன். அந்த விரல்கடைக் கல்லுக்குள் அந்தத் தளர்ந்த கை இருக்க வேண்டுமே என்று எனக்கு வேர்த்து ஊற்றுகிறது. அவள் சும்மா இருந்தால்தானே?

"ஐயா, கட்டைவிரல் அப்படி நிக்காது. மேல படிஞ்சிருக்கும்."

"பேசாம இரு."

"ஐயா, அந்த விரல் ஓரம் அவ்ளோ மழமழன்னு இருக்காது."

"ஏன் இருக்காது?"

"காய்ச்சுப் போயிருக்கும்ல?" என்று கையை நீட்டிக் காட்டினாள்.

பார்த்தேன். ஆள்காட்டி விரல் பக்கவாட்டில், உள்ளங்கை ஓரத்தில், மஞ்சளாக, கொட்டைப் பாக்கு மாதிரி இரண்டு காய்ப்பு. நாற்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு காய்ப்பு செதுக்கியதில்லை, சார். சாமிக்குக் காய்ப்பு ஏது? எப்படிச் செதுக்குவது என்றே தெரியவில்லை. அவள் கையை வாங்கி விரலால் தடவிப் பார்த்து, கல்லில் தடவிப் பார்த்து, மறுபடி அவள் கையைத் தடவிப் பார்த்து... அரை நாள் ஆயிற்று, இரண்டு காய்ப்புக்கு. முகத்தில் ஒரு கண் அதற்குள் முடிந்திருக்கும்.

கை வந்தது. ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு நோஹியா அம்மா வந்து பார்த்தார்கள். கல் கை மேல் தன் கையை வைத்தார்கள். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. அப்புறம் அஞ்சலையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கட்டையை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். "சுவத்துல மாட்டி வைக்காதீங்க, இது வேலை செய்யிறதுக்கு" என்றும் சொன்னார்கள். எனக்கு ஒரு சட்டை கொடுத்தார்கள். பூப்போட்ட சட்டை. நான் எங்கே போட?

வந்துவிட்டது டீ, எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்சி தூக்கலாக இருக்கிறதா? அந்தக் கட்டையால்தான் தட்டுகிறாள். முரட்டுப் பக்கத்தில் நன்றாக நசுங்குகிறதாம். கடல் தாண்டி வந்த பொருள், நீங்களே சொல்லுங்கள்!

சிலையைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பினோம். தாளைத் தமயந்தியிடம் கொடுத்தேன். "எழுத்து விடாம அனுப்பு" என்று மூன்று தடவை சொன்னேன். ஐப்பசியில் திறப்பு விழா. போட்டோ வந்தது. தமயந்தி தன் போனில் காட்டினாள். தோட்டம், புல்தரை, நடுவில் நான் செதுக்கிய பெண், பக்கத்தில் பித்தளைப் பலகை.

முதல் வரி: செதுக்கியவர், திருக்கழுக்குன்றம் கோ. வேதகிரி ஸ்தபதி. நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்லக் கூடாது.

இரண்டாவது வரி: கைகள், அஞ்சலை.

"இது யார் அனுப்பினது?" என்றேன்.

"அவங்க கேட்டாங்கப்பா. 'செய்தவர்கள்'னுதானே எழுதியிருந்தாங்க? கை யாரோடதுன்னு கேட்டாங்க. நான் என்ன, பக்கத்து வீட்டு மாமியோடதுன்னா சொல்ல முடியும்?"

"அவ உட்கார்ந்தா! உட்கார்ந்ததுக்கு ஒரு பேரா?"

"நீங்க நின்னீங்க. உங்களுக்கும் ஒரு வரி இருக்கே" என்று சொல்லிவிட்டு பாங்குக்குக் கிளம்பிவிட்டாள்.

சரி, இரண்டு பேர் இருந்துவிட்டுப் போகட்டும். என் ஆதங்கம் அது இல்லை. மற்ற போட்டோக்களைப் பாருங்கள், எல்லாம் என் போனில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொன்றும் சிலையின் கை மேல் கையை வைத்துத்தான் படம் எடுத்துக்கொள்கிறது. வயசானவர்களும் அப்படியே. கல்யாண ஜோடி ஒன்று, அதுவும் அப்படியே. முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பதினாறு நாள் முகம்! போன மாசம் வந்த படத்தில் அந்தக் கை மட்டும் எண்ணெய் தடவின மாதிரி மின்னுகிறது. இத்தனை பேர் தொட்டால் மின்னாதா?

அஞ்சலைக்கும் காட்டினேன். பெருமைப்படுவாள், நாலு வார்த்தை சொல்வாள், 'எல்லாம் ஐயா புண்ணியம்' என்பாள் என்று நினைத்தேன். போனை வாங்கி இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தாள். பலகையை இல்லை, கையை. "விரல் முட்டிக்கிட்ட பாலிஷ் சரியா வரல. இன்னும் ஒரு நாள் குடுத்திருக்கணும் நீங்க" என்று போனைக் கொடுத்துவிட்டுத் தேய்க்கப் போய்விட்டாள்.

"உன் பேரைப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன் ஐயா. மொட்டையா இருக்கு."

மொட்டையாகத்தான் இருந்தது. எனக்கு ஊர், இன்ஷியல், பட்டம் எல்லாம். அவளுக்கு வெறும் அஞ்சலை. தமயந்திக்கு இன்ஷியல் தெரியவில்லை. என்னைக் கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. சம்பள நோட்டிலும் அஞ்சலை என்றுதான் பத்தொன்பது வருஷமாக எழுதுகிறேன். இன்ஷியல் இல்லாத பேரைப் பலகையில் போட்டால் எப்படி இருக்கும், சொல்லுங்கள். யாரோ வழியில் போகிற அஞ்சலை என்றுதானே நினைப்பார்கள்? வேலை செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும்.

சரி, உங்கள் சிலைக்கு வருவோம். நாற்று நடும் பெண். முகம் நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் தடவை முகத்தை ஒருவரும் தாண்டிப் போக முடியாது. கைக்கு... திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன். ஞாயிறு வேண்டாம், அன்றைக்கு அவளுக்கு லீவு. அவள் இல்லாவிட்டால் முடியாது என்று இல்லை. நாற்பத்தொரு வருஷம் கை செதுக்கினவன் நான். ஒரு வசதிக்குத்தான்.

"ஏம்மா அஞ்சலை! நாத்து நட்டிருக்கியா நீ?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எல்லா வருஷமும். ஏன்?"

"எந்த விரலால நடுவ?"

"மூணு விரலுங்க ஐயா. கட்டைவிரல்தான் அழுத்தும். இடது கைல நாத்து முடிச்சு இருக்கும். சுண்டுவிரலைத் தூக்கிட்டு நட முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

கேட்டீர்களா அந்தக் குத்தலை? சரி சார், பேரை எழுதிக்கொள்ளுங்கள். திருக்கழுக்குன்றம் கோ. வேதகிரி ஸ்தபதி. எழுதியாயிற்றா? அவ்வளவுதான். மூடி வையுங்கள்.

கொஞ்சம் இருங்கள். பேனாவை மூடாதீர்கள்.

"ஏம்மா, உங்க அப்பா பேர் என்ன?"

"எதுக்கு? ரேஷன் கார்டுக்கா?"

"கேட்டா சொல்லு. இன்ஷியல் வேணும்."

"அப்பா பேரு எதுக்குங்க ஐயா? அவர் எங்க நட்டாரு? வரப்புல நின்னு பீடி குடிச்சாரு. எனக்கு நடக் கத்துக் குடுத்தது எங்கம்மா. பச்சையம்மா. இன்ஷியல் போடுறதுன்னா 'ப'ன்னு போடுங்க. முழுசா போட்டாலும் சரிதான்."

பார்த்தீர்களா, சார்? பீடத்தை இன்னும் நாலு அங்குலம் நீட்டித்தான் வெட்ட வேண்டும். இதற்குத்தான் பேர் விஷயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வோம் என்றேன். எழுதுங்கள். பச்சையம்மா... மெதுவாக எழுதுங்கள், எழுத்து விடக் கூடாது.